காரைக்குடி வட்டார மருத்துவமனைகளில் நர்ஸ்களைத் தக்கவைப்பது எப்படி? வரிசைப்படி ஒரு முழுமையான வழிகாட்டி

இது 30 முதல் 100 படுக்கை வரை உள்ள தனியார் மருத்துவமனைகளுக்காக எழுதியது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், புதுவயல் பக்கம் நர்சிங் சூப்பரிண்டெண்டாகவோ மேனேஜராகவோ புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறீர்களா? அல்லது மருத்துவமனையே உங்களுடையதா? உங்களுக்குத்தான். நான் வார்டில் டூட்டி பார்த்து, இன்சார்ஜாகி, பிறகு சூப்பரிண்டெண்டாக இதையெல்லாம் தப்பும் தவறுமாகச் செய்து கற்றுக்கொண்டவள்.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். எல்லாரும் சம்பளத்தில் தொடங்குகிறார்கள். ஆறு மாதம் கழித்து, "ஏத்திக் கொடுத்தும் போறாங்களே" என்று அலுத்துக்கொள்கிறார்கள். டூட்டி லிஸ்ட் உடைந்து கிடக்கும் இடத்தில் ஏற்றிய சம்பளம், அடுத்த இடத்துக்குப் போகும்வரை தாக்குப்பிடிக்கத்தான் உதவும். அதனால் சம்பளம் இங்கே 7ஆம் படியில் வருகிறது. ஒரே ஒரு விதிவிலக்கு: சம்பளம் சொன்ன தேதியில் வருவதில்லை என்றால், இதை மூடி வைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த 12 மாத டூட்டி லிஸ்ட் வேண்டும். கம்ப்யூட்டரில் அடித்த சுத்தமான பிரதி உதவாது. அடித்தல் திருத்தலோடு சுவரில் தொங்கிய தாளையே தேடி எடுங்கள். கூடவே வருகைப் பதிவேடு, வேலையை விட்டுப் போனவர்களின் சேர்ந்த தேதி, விலகிய தேதி, வார்டுவாரியாகத் தினசரி நோயாளி எண்ணிக்கை. இன்னொன்றும் வேண்டும்: ஊருக்குள் வந்து போகும் டவுன் பஸ்களின் நேரம். இது எதற்கு என்று 3ஆம் படியில் புரியும்.

அப்புறம் முதலாளியிடம் இரண்டு வாக்குறுதிகளை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, ஒட்டிய டூட்டி லிஸ்டை உங்களைக் கேட்காமல் யாரும் மாற்றக் கூடாது, அவர் வீட்டார் உட்பட. இரண்டு, ஒரு டாக்டர் நர்ஸைத் திட்டினார் என்று புகார் வந்தால், விசாரிக்கும்போது முதலாளியும் உங்களோடு உட்கார வேண்டும். இந்த இரண்டும் கிடைக்காவிட்டால் வேலையைத் தொடங்க வேண்டாம். நடுவழியில் கேட்டால் கிடைக்காது.

## 1. போனவர்களைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். சேர்ந்து 3 மாதத்துக்குள் போனவர்கள், 3 முதல் 12 மாதத்தில் போனவர்கள், 1 முதல் 2 வருஷத்தில் போனவர்கள், 2 வருஷம் தாண்டிப் போனவர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. "வருஷத்துக்கு இத்தனை பேர் போனார்கள்" என்ற ஒற்றை எண் எதையும் சொல்லாது.

மூன்று மாதத்துக்குள் போனவர்கள் நம்மால் போனவர்கள். இதில் வாதாட ஒன்றுமில்லை, 5ஆம் படி இவர்களுக்கானது. ஒரு வருஷத்துக்குள் போனவர்கள் பெரும்பாலும் டூட்டி லிஸ்டாலும் அவமானத்தாலும் போனவர்கள்.

ஒன்றிலிருந்து இரண்டு வருஷக் கட்டத்தில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு வகை உண்டு. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, பெரிய வீட்டில் ஆச்சி தனியாக இருப்பார். அட்மிட் ஆன பத்து நாளில் நம் நர்ஸைப் பிடித்துப்போய்விடும். டிஸ்சார்ஜ் அன்றைக்கே, "வீட்டோட வந்து பாத்துக்கிறியா ஆத்தா?" என்று கேட்டுவிடுவார். சாப்பாடு, தங்க இடம், நைட்டில் ஒரே ஒரு நோயாளி. நாம் கொடுப்பதைவிட அது நல்ல வேலை என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றினால், ஏன் தோன்றுகிறது என்று பாருங்கள். ஆச்சி மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

இரண்டு வருஷம் தாண்டியவர்கள் வளைகுடாவுக்கோ ஜெர்மனிக்கோ போவார்கள், அல்லது எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வில் அரசு வேலைக்குப் போவார்கள். வளைகுடா வேலைக்கு அனுபவச் சான்று கேட்பதால்தான் அந்த இரண்டு வருஷக் கணக்கு. இவர்களைப் பிடித்துவைக்க சக்தியைச் செலவழிக்காதீர்கள்.

இனி போனவர்களில் ஏழெட்டுப் பேருக்குப் போன் செய்யுங்கள். விலகல் கடிதத்தில் "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்றுதான் இருக்கும். ரிலீவிங் ஆர்டர் கையில் வரும்வரை யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். அதனால் இரண்டு மாதம் ஆறவிட்டுப் பேசுங்கள். அவர்களோடு அதே வார்டில் இருந்த இன்சார்ஜ் பேசக் கூடாது. "ஏன் போனீர்கள்?" என்று கேட்டால் மறுபடி குடும்பச் சூழ்நிலைதான் வரும். "போயிடலாம்னு எந்த நாள் தோணுச்சு?" என்று கேளுங்கள், அந்த நாள் நடந்ததைச் சொல்வார்கள். ஒரு பெண் என்னிடம் சொன்னது: நைட் முடித்துக் கல்லல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். ஈவினிங் ஆள் வரவில்லை, மதியம் திரும்பி வா என்று போன். அந்த போனைச் செய்தது நான்தான்.

## 2. எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

டூட்டி லிஸ்டைத் தொடும் முன் இது முடிந்திருக்க வேண்டும். ஆள் எண்ணிக்கையே குறைவு என்றால் எவ்வளவு அழகான லிஸ்டும் ஒரு வாரத்தில் கிழியும்.

பொது வார்டில் 6 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று வைப்போம். 30 படுக்கைக்கு ஒரு ஷிஃப்டுக்கு 5 பேர், மூன்று ஷிஃப்டுக்கு 15. இங்கேதான் எல்லாரும் நின்றுவிடுகிறார்கள், "அப்ப 15 பேர் போதும்." போதாது. ஒருவர் வருஷத்தில் 365 நாளும் வர மாட்டார். வார ஆஃப் 52, சாதாரண விடுப்பு 12, உடம்பு சரியில்லாத விடுப்பு 12, பண்டிகை விடுமுறை 9 என்று வைத்தால் மீதி 280 நாள். வார்டுக்குத் தேவை 15 × 365, அதாவது 5,475 டூட்டி. அதை 280ஆல் வகுத்தால் 19.5 வரும். 20 பேர் வேண்டும். அந்த விடுபட்ட 5 பேரின் வேலையைத்தான் மற்ற 15 பேரும் டபுள் டூட்டியாகப் பார்க்கிறார்கள்.

நம் ஊர்களில் 6, 6, 12 மணி நேரம் என்று ஷிஃப்ட் ஓடும் இடங்கள் அதிகம். மொத்தம் அதே 24 மணி நேரம்தான் என்பதால் தேவையான ஆள் கணக்கு பெரிதாக மாறாது.

ஐசியுவைத் தனியாகப் போடுங்கள். வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒருவருக்கு ஒருவர், மற்றவர்களுக்கு இருவருக்கு ஒருவர். வார்டுக் கணக்கோடு கலந்தால், ஐசியுவில் ஆள் குறையும்போதெல்லாம் வார்டிலிருந்து உருவிக்கொள்வார்கள். இந்திய நர்சிங் கவுன்சில் நெறியில் விடுப்புக்கென்று 30 சதவீதம் கூடுதல் ஆள் சொல்லியிருப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

இப்போதே 20 பேர் இல்லையா? முதலாளியிடம் தாளைக் காட்டி, எத்தனை மாதத்தில் நிரப்புவார் என்று கேளுங்கள். அதுவரை சில படுக்கைகளை மூடிவைக்க முடியுமா என்றும் கேளுங்கள். முகம் சுளிப்பார். ஆனாலும் கேளுங்கள்.

## 3. டூட்டி லிஸ்ட்

மொத்த வழிகாட்டியிலும் இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

அடுத்த மாத லிஸ்ட் இந்த மாதம் 20ஆம் தேதி சுவரில் இருக்க வேண்டும். லீவு வேண்டுவோர் 12ஆம் தேதிக்குள் எழுதித் தர வேண்டும். குழந்தை இருக்கிற நர்ஸ் தன் டூட்டியைப் பார்த்துத்தான் மாமியாரை எப்போது வரச்சொல்வது, கணவர் எந்த நாள் சீக்கிரம் வீடு திரும்புவது என்று ஏற்பாடு செய்கிறார். நாளைய டூட்டியை இன்று மாலை வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரு குடும்பமே அலைக்கழிகிறது.

முதலில் நைட்டை நிரப்புங்கள். அடுத்து ஆஃப். கடைசியாக மார்னிங், ஈவினிங். புதிதாக லிஸ்ட் போடுபவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரம் என்று மார்னிங்கை முதலில் அடைப்பார்கள், நைட்டுக்கு மிஞ்சியவர்களைத் தள்ளுவார்கள். மிஞ்சுபவர் யார்? ஹாஸ்டல் பெண், புதிதாக வந்தவள், எதிர்த்துப் பேசத் தெரியாதவள். மாதா மாதம் அவளே.

நைட் தொடர்ச்சியாக நான்குக்கு மேல் வேண்டாம். 12 மணி நேர நைட் நான்கு என்றால் 48 மணி நேரம், அந்த வாரத்து வேலை அதோடு முடிந்தது. ஐந்தாவது நைட் போட்டால் அது கடன். நைட் முடித்துக் காலை 8 மணிக்கு வெளியே வருபவருக்கு அந்த நாளையே ஆஃப் என்று எழுதும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். அது தூங்கும் நாள். ஆஃப் அதற்கு மறுநாள்தான் தொடங்குகிறது.

ஹாஸ்டலில் இருப்பவரை ஸ்டெப்னியாக வைக்காதீர்கள். ஆள் வராவிட்டால் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டுவது சுலபம்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஆஃப் நாள் என்று ஒன்று இல்லாமல் போகிறது, கதவு தட்டினால் திக்கென்கிறது. ஆன்-கால் என்று வாரத்துக்கு இருவரை முறைவைத்து எழுதுங்கள், அதற்குத் தனித் தொகை கொடுங்கள். லிஸ்டில் அவர்கள் பெயர் இருந்தால் மட்டுமே கூப்பிடலாம்.

பஸ் நேரத்தை வைத்து ஷிஃப்டை முடியுங்கள். ஈவினிங் 8 மணிக்கு முடிந்து, அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைக்கும் ஹேண்டிங் ஓவர் 8.30 வரை இழுத்து, கடைசி டவுன் பஸ் போய்விட்டால், குன்றக்குடிக்கோ பள்ளத்தூருக்கோ அந்தப் பெண் எப்படிப் போவார்? அப்பாவோ அண்ணனோ வண்டியில் வந்து வாசலில் நிற்பார்கள். ஒரு மாதம் நிற்பார்கள், அடுத்த மாதம் "வேலையை விட்டுரும்மா" என்பார்கள். ஷிஃப்ட் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளுவதற்குக் காசு செலவில்லை. முடியாதென்றால் ஒரு வேன் வையுங்கள்.

திருவிழா அட்டவணையை வருஷத் தொடக்கத்திலேயே போடுங்கள். பொங்கலுக்கு எல்லாருக்கும் லீவு வேண்டும். அதே சமயம்தான் சிறாவயல் மஞ்சுவிரட்டு வருகிறது. பொட்டலில் மாடு அவிழ்த்துவிடுவதால் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் குத்துப்பட்டு வருவார்கள், கேஷுவாலிட்டி நிரம்பும். முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழா, கொப்புடையம்மன் திருவிழா நாட்களிலும் இரண்டும் மோதும். இந்த வருஷம் பொங்கலுக்கு நின்றவர் அடுத்த வருஷம் நிற்க வேண்டாம். இதை வாயால் சொல்லாமல் ஒரு நோட்டில் எழுதி எல்லாரும் பார்க்க வையுங்கள். கிறிஸ்துமஸுக்கோ ரம்ஜானுக்கோ லீவு வேண்டுபவர்கள் பொங்கலுக்கு நிற்க முன்வருவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். "நீங்க கிறிஸ்டியன்தானே, பொங்கலுக்கு நில்லுங்க" என்று நாமாக எழுதுவது வேறு விஷயம், அது மனசில் தங்கும்.

ஒட்டிய பின் செய்யும் மாற்றம் எல்லாம் சிவப்பு மையில். நர்ஸே கேட்டு மாற்றினால் பக்கத்தில் "ந", மருத்துவமனை மாற்றினால் "ம". "ம" விழுந்தால் 15 நாளுக்குள் மாற்று ஆஃப் அல்லது பணம். மாதக் கடைசியில் "ம" எத்தனை என்று எண்ணி முதலாளியிடம் காட்டுங்கள். நான் முதலில் பொறுப்பேற்ற இடத்தில் பழைய லிஸ்ட் ஒன்றை எடுத்துப் பார்த்தேன், திருத்தலுக்கு மேல் திருத்தலாக அடியில் இருந்த பெயர்களே தெரியவில்லை. அந்த வார்டில்தான் ஆள் நிற்கவே இல்லை.

## 4. நர்ஸ் செய்ய வேண்டாத வேலையைக் கழற்றுங்கள்

ஒரு நாள் முழுக்க ஒரு வார்டில் உட்கார்ந்து, நர்ஸ் எழுந்துபோகும் ஒவ்வொரு தடவையும் எதற்கு என்று கோடு போடுங்கள். லேப்புக்கு சாம்பிள் கொண்டுபோக, பார்மசியில் மருந்துக்கு நிற்க, பில் கட்டவில்லை என்று நோயாளியோடு இருப்பவரிடம் கேட்க, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் காகிதம் சேர்க்க. கோடுகளைப் பார்த்தால் உங்களுக்கே சங்கடமாக இருக்கும்.

முதலில் பில் விஷயத்தைக் கழற்றுங்கள். ஊசி போடும் கையே பணமும் கேட்டால், நோயாளியின் வீட்டார் தங்கள் கோபத்தையெல்லாம் நர்ஸ் மேல் காட்டுவார்கள். பில்லிங் ஆள் நேராக வார்டுக்கு வந்து பேசட்டும். அடுத்து சாம்பிளும் மருந்தும். ஷிஃப்டுக்கு ஒரு வார்டு உதவியாளர் போட்டால் தீரும்.

இன்னொன்று, நாற்காலி. கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டத் திருத்தமே வந்தது. உங்கள் நர்ஸ் ஸ்டேஷனில் எத்தனை நாற்காலி இருக்கிறது என்று போய் எண்ணுங்கள்.

## 5. முதல் 90 நாள்

முதல் வாரம் புதியவரை ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.

ஒரே ஒரு சீனியரை அவருக்குத் துணையாகப் போடுங்கள், இருவருக்கும் ஒரே டூட்டி. தினம் ஓர் ஆள் சொல்லிக்கொடுத்தால் ஒருவர் சொன்னதை அடுத்தவர் தப்பு என்பார். துணையாக இருப்பவருக்கு அந்த மூன்று மாதமும் சிறு தொகை கொடுங்கள், இல்லாவிட்டால் அவருக்கு இது தண்டனைதான்.

தனியாக நைட் போடுவது 45 நாள் தாண்டி, கேனுலா (மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் சிறு குழாய்) போடுவது, அவசர மருந்து ட்ராலி, ரத்தம் ஏற்றுவது இவற்றில் சீனியர் கையெழுத்துப் போட்ட பிறகுதான். மூன்றாம் நாளே தனி நைட்டில் ஒரு நோயாளி மூச்சுத் திணறி, டாக்டர் போனை எடுக்காத இரவைப் பார்த்துவிட்டால் அந்தப் பெண் திரும்ப வர மாட்டார். சான்றிதழை வாங்கக்கூட வராமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சேரும் அன்றே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி விவரம் கேளுங்கள். போடாதவருக்கு மருத்துவமனைச் செலவில் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று டோஸ். ஊசி குத்திக்கொண்டால் யாரிடம் சொல்வது என்றும் அன்றே சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். திட்டு விழும் என்று பயந்து மறைக்கும் நேரம் இதைத் தின்றுவிடும்.

7ஆம் நாள், 30ஆம் நாள், 60ஆம் நாள் பத்து நிமிஷம் கூப்பிட்டுப் பேசுங்கள். "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டால் "ஓகே மேடம்" என்றுதான் வரும். "இந்த வாரம் என்ன செய்யத் தெரியாம நின்னீங்க?" என்று கேளுங்கள்.

## 6. திட்டும் அவமானமும்

டாக்டர் நோயாளியின் முன்னால் நர்ஸைத் திட்டினால், அடுத்த நிமிஷத்திலிருந்து அந்த நோயாளியும் திட்டுவார். ஒரே விதி போதும்: தப்பு என்றால் தனியறையில், இன்சார்ஜ் இருக்கும்போது. விதியை முதலில் முதலாளி டாக்டர் கடைப்பிடிக்க வேண்டும். வாரம் இருமுறை வந்துபோகும் மதுரை, திருச்சி கன்சல்டண்டுகளிடம் அவரே நேரில் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் எடுபடாது.

தவறு நடந்தால் எழுதுவதற்கு ஒரு நோட்டு வையுங்கள். மருந்து மாறியதை எழுதியவருக்குச் சம்பளம் பிடித்தீர்கள் என்றால் அதற்குப் பிறகு அந்த நோட்டு காலியாகவே இருக்கும், தவறுகள் நடந்துகொண்டுதான் இருக்கும்.

நம் பக்கத்தில் வெளியே பேசாத ஒன்றும் உண்டு. நோயாளியின் வீட்டார் சாதாரணமாகத்தான் தொடங்குவார்கள், "எந்த ஊரும்மா, யாரு வீட்டுப் பொண்ணு?" கேள்வி எங்கே போகிறது என்று நர்ஸுக்கு உடனே தெரிந்துவிடும். சிலர் நேராகவே, "வேற சிஸ்டரை அனுப்புங்க" என்பார்கள். பிரச்சினை வேண்டாம் என்று இன்சார்ஜ் ஆளை மாற்றி அனுப்புவார், அதுதான் தவறு. இன்சார்ஜே நேரில் போய், "இந்த ஷிஃப்டுக்கு இவங்கதான் உங்க நர்ஸ்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். ஒருமுறை ஆளை மாற்றி அனுப்பினால் வார்டு முழுக்கத் தெரிந்துவிடும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். தலைவர் மூத்த பெண் ஊழியர், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். பெயர்ப் பலகையோடு நின்றுவிடாமல், உறுப்பினர் போன் எண்ணை உடை மாற்றும் அறையில் ஒட்டுங்கள். வார்டில் யாராவது கை ஓங்கினால் அழைக்க வேண்டிய காவல் நிலைய எண்ணும் அங்கேயே இருக்கட்டும். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008லிருந்து தனிச் சட்டம் உள்ளது. புகாரைக் கொடுக்க வேண்டியது மருத்துவமனை. அடிவாங்கிய பெண்ணைத் தனியாக ஸ்டேஷனுக்கு அனுப்பாதீர்கள்.

## 7. சம்பளம்

இப்போது இதற்கு வரலாம். உச்ச நீதிமன்றம் 2016ல் சொன்னதன்படி மத்திய அரசு அமைத்த குழுவின் பரிந்துரை இது: 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். 100 முதல் 200 வரை அதிகபட்சம் 10 சதவீதம் குறையலாம். 50 முதல் 100 வரை 25 சதவீதம். 50க்குக் கீழே குறைந்தது மாதம் 20,000 ரூபாய். நீங்கள் கொடுப்பது இதற்கு எவ்வளவு கீழே என்று முதலில் பாருங்கள். அந்த 20,000 சொன்னது அப்போதைய விலைவாசியில்.

ஒரே அடியாக ஏற்ற முடியாவிட்டால் நைட் டூட்டிக்குத் தரும் தனித் தொகையில் தொடங்குங்கள். கஷ்டமான டூட்டிக்குப் பணம் போவதால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

புதிதாகச் சேர்பவருக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கூட்டிக் கொடுத்துவிட்டு, மூன்று வருஷமாக இருப்பவரை அப்படியே விடுவது பெரிய தவறு. சம்பளத்தை யாரும் வெளியே சொல்வதில்லை என்பது நிர்வாகத்தின் கற்பனை. டீ குடிக்கும் நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்பு மாதச் சம்பளம் 21,000. ஒருவரை 20,500லிருந்து 21,500க்கு ஏற்றினால், அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் ஈஎஸ்ஐயிலிருந்து வெளியே வந்துவிடுவார். ஆயிரம் ரூபாய்க்குக் குடும்பத்தின் மருத்துவப் பாதுகாப்பு போச்சே என்று வருத்தப்படுவார். தாண்டும்போது கூடவே மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுங்கள்.

அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். இத்தனை வருஷம் இருப்பேன் என்று எழுதி வாங்கும் பாண்டும் வேண்டாம். அது ஆளைத் தங்கவைக்காது, சொல்லாமல் ஓடவைக்கும்.

## 8. ஹாஸ்டல், சாப்பாடு, குழந்தை

ஹாஸ்டலில் தண்ணீரும் தாழ்ப்பாளும் சரியாக இருக்க வேண்டும். நைட் முடித்து வருபவர் தூங்கும் அறையில் மார்னிங் டூட்டிக்காரரைப் போடாதீர்கள், அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். நைட் டூட்டிக்கு இரவு 2 மணிக்குச் சூடாக ஏதாவது வேண்டும், டீயும் பன்னுமாவது.

மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், சம்பளத்தோடு. அதைவிட முக்கியம், திரும்பி வந்ததும் முதல் ஆறு மாதம் நைட் போடாமல் இருப்பது. அனுபவமுள்ள நர்ஸை நாம் இழப்பது பெரும்பாலும் இங்கேதான். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகமும் சட்டப்படி வேண்டும்.

## 9. கிளம்புபவரை அனுப்பும் முறை

நோட்டீஸ் காலம் முடியும் அன்று ரிலீவிங் ஆர்டர், அனுபவச் சான்று, மீதிச் சம்பளம் மூன்றும் கையில் தர வேண்டும். இழுத்தடித்தால் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அடுத்து போகிறவர் நோட்டீஸே கொடுக்க மாட்டார்.

வெளிநாடு போக நினைப்பவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் தமிழக அரசின் ஓஎம்சிஎல் நிறுவனம் வழியாகப் போகலாம் என்று சொல்லுங்கள். ஜெர்மன் வகுப்பு நேரத்துக்கு ஏற்ப டூட்டி கொடுத்தால் எந்த மாதம் கிளம்புவார் என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவார், ஆள் தேட உங்களுக்கு நாலைந்து மாதம் கிடைக்கும். மறைத்துப் படிக்கவைத்தால் ஒரு நாள் காலையில் தெரியவரும்.

ஆறாம் மாதக் கடைசியில் 1ஆம் படியின் நான்கு கட்டத்தை மறுபடி போடுங்கள். முதல் கட்டம் குறைந்திருந்தால் 5ஆம் படி பிடித்துக்கொண்டது. இரண்டாம் கட்டம் குறையவில்லை என்றால், சுவரில் இருக்கும் லிஸ்டைக் கழற்றி எடுத்து, சிவப்பு மையில் எத்தனை "ம" இருக்கிறது என்று எண்ணுங்கள்.